தொலைந்துபோன தம்பி

மடிவாளப்பாவின் ஆட்டோவில் காலை எட்டு மணிக்கு ஆறு பிள்ளைகள் ஏறுவார்கள். எல்லாம் நாலு வயசு, அஞ்சு வயசு. பின்சீட்டில் மூன்று, எதிரே அவரே அடித்துப் போட்ட பலகையில் மூன்று. கர்நாடகத்துத் தார்வாடில் இப்படிப் பள்ளிக்கு ஓடும் ஆட்டோக்கள் எத்தனையோ உண்டு. மற்ற டிரைவர்கள் பாட்டைப் போட்டுவிடுவார்கள், பிள்ளைகளின் தொணதொணப்பு காதில் விழக்கூடாது என்று. மடிவாளப்பா மட்டும் பத்து வருஷத்துக்கு முன்பே ஸ்பீக்கரைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். சும்மா கிடைக்கிற கச்சேரியை எந்த மடையனாவது பாட்டுப் போட்டுக் கெடுப்பானா என்பது அவர் கட்சி.

கச்சேரிதான், சந்தேகமே இல்லை. போன மழைக்காலத்தில் ஜுனைத் என்ற பொடியன் ஒரு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்: "மாமா, மழைக்கு எங்க வீட்டை மட்டும்தான் பிடிச்சிருக்கு. மத்தவங்க வீட்டுக்கு எல்லாம் வெளியவே நின்னுட்டுப் போயிடுது. எங்க வீட்டுக்கு மட்டும் உள்ள வந்துடுது."

மடிவாளப்பாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையே ஏணியும் தார்ப்பாயுமாகப் போய் ஜுனைத் வீட்டு ஓட்டின்மேல் ஏறி, ஓட்டை எல்லாவற்றையும் மூடிவிட்டு வந்தார். மறுவாரம் நல்ல மழை. பையன் உம்மென்று ஏறி உட்கார்ந்தான். "இப்ப மழை எங்க வீட்டுக்கு வர்றதே இல்ல மாமா. நீங்க என்னமோ பண்ணிட்டீங்க." நல்லது செய்தவனுக்குக் கிடைத்த பட்டம் அது.

சமர்த் என்று இன்னொருவன். பேசுவதே அபூர்வம். பேசினால் பெரிய மனுஷன் மாதிரி யோசித்துப் பேசுவான். "எங்க அப்பாவுக்கு ரொம்ப வேலை. தூங்குறப்ப மட்டும்தான் சும்மா இருக்காரு. அப்ப நான் போய்ப் பாத்துட்டு வந்துடுவேன்." இதைக் கேட்ட அன்று மடிவாளப்பா மத்தியானம் தட்டில் சோளரொட்டியை வைத்துக்கொண்டு வெகுநேரம் பிய்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

மத்தியானச் சாப்பாட்டின்போது அன்றைய கச்சேரியை மனைவி நீலவ்வாவிடம் ஒப்பித்தே ஆகவேண்டும். ஒரே மகளைப் பக்கத்து ஊரான கதகில் கட்டிக்கொடுத்த பிறகு அந்த வீட்டில் குழந்தைச் சத்தம் என்றால் அதுதான். "என்ன, இன்னைக்கு என்ன சொல்லுச்சுங்க உங்க வாத்தியாருங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் கத்திரிக்காய்க் கறியைப் போடுவாள்.

இந்த வாத்தியார்கள் எதைப் பேசினாலும் மடிவாளப்பாவுக்கு இனிக்கும். மாவு மில்லுக்காரர் பேச்சு மட்டும் ஆகாது. அதை எடுத்தவள் சிஞ்சனா.

ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரம். ஐந்து வயசு சிஞ்சனா, ரெண்டு சடை போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னம்மா, மாமாவோட காயா?"

"நேத்து நீங்க மில்லுல உக்காந்திருந்தீங்க. தலை, மீசை, புருவம் எல்லாம் வெள்ளையா இருந்துச்சு. நான் மாமான்னு கூப்பிட்டேன். யாரு பாப்பா நீன்னு என்னையே கேட்டீங்க."

ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. "அது நான் இல்லம்மா."

"நீங்கதான். வயசான நீங்க."

"அது வேற ஆளு."

"வேற ஆளுன்னா உங்க மூஞ்சியை எதுக்குப் போட்டிருக்காரு?"

ஆறு பிள்ளைகளும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். பலகையில் இருந்தவர்களும் திரும்பிக்கொள்ள, தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் பன்னிரண்டு கண்கள். அந்தக் கண்ணாடியை அவர் எப்போதும் பிள்ளைகள் தெரிகிற மாதிரித்தான் திருப்பி வைத்திருப்பார். அன்று அது எதற்கடா என்று ஆகிவிட்டது.

"அவன் என் தம்பி. ரெண்டு பேரும் ஒரே நாள்ல பொறந்தவங்க. அதனாலதான் ஒரே மாதிரி இருக்கோம். போதுமா?"

போதவில்லை. மறுநாள் சிஞ்சனா தகவலோடு வந்தாள். அவள் வீட்டார் மில்லுக்கு ரெண்டு வீடு தள்ளி அப்போதுதான் புதுசாகக் குடிவந்திருந்தார்கள். "கேட்டுட்டேன் மாமா. அவரு தம்பி இல்லையாம். நீங்கதான் தம்பியாம். எனக்கு வெல்லம் குடுத்தாரு."

வெல்லம் தின்ற வாய் அவன் பக்கம்தானே பேசும் என்று மடிவாளப்பா பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனால் அது பொய் என்று சொல்ல அவரிடமும் ஆதாரம் கிடையாது. விவகாரமே அதுதான்.

மடிவாளப்பா, முருகெப்பா, ரெண்டு பேரில் யார் முதலில் பிறந்தவன் என்று அவர்கள் அம்மா கடைசிவரைக்கும் சொல்லவில்லை. கேட்டால், "என் ரெண்டு கண்ணுல எது மூத்த கண்ணுன்னு சொல்லு, நானும் சொல்றேன்" என்பாள். பிரசவம் பார்த்த மருத்துவச்சியோ சாமர்த்தியக்காரி. மடிவாளப்பா வீட்டில் போளி சாப்பிட்டால் மடிவாளப்பா மூத்தவர், முருகெப்பா வீட்டில் சாப்பிட்டால் முருகெப்பா மூத்தவர். நாற்பத்தாறு வயசு வரைக்கும் இது ஒரு தமாஷாகத்தான் இருந்தது. ஒருவரையொருவர் "டேய்" போட்டுக்கொண்டு, ஒரே தட்டில் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டு திரிந்தார்கள்.

அப்பா செத்துப்போனதும் தமாஷ் போய்விட்டது. பதினோராம் நாள் மாமன் வீட்டார் மூத்த மகனுக்குத் தலைப்பாகை கட்ட வேண்டும். மாமன் துணியை எடுத்து நீட்டினார். யாருக்கு? இவர் நான் என்றார், அவர் நான் என்றார். ஊர் கூடி நிற்க ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்ததில் தலைப்பாகை நடுவே கிழிந்துபோனது. ஐம்பதை நெருங்கும் ரெண்டு ஆம்பிளைகள் செய்கிற காரியமா அது? ஆளுக்கொரு பாதியோடு வீட்டுக்குப் போனவர்கள்தான், அதன் பிறகு பேச்சில்லை.

பேசாமல் இருப்பதுகூடப் பெரிதில்லை. தசராதான் கொடுமை. அந்த ஊரில் தசரா சாயங்காலம் எல்லாரும் வன்னி இலையைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். இலைக்குப் பேர் தங்கம். "வன்னி வாங்கிக்க, தங்கமாட்டம் இருப்போம்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டால், வருஷம் முழுக்கச் சண்டை போட்டவர்களும் கட்டிக்கொண்டாக வேண்டும். சிறியவன்தான் பெரியவன் வீட்டுக்குப் போய், இலையைக் கொடுத்துக் காலைத் தொட வேண்டும். அதுதான் முறை. ஆகையால் ஆறு தசராவாக மடிவாளப்பா குளித்து, புது வேட்டி கட்டி, தட்டில் வன்னியோடு தன் வாசலில் தம்பிக்காகக் காத்திருந்தார். நாலு தெரு தள்ளி முருகெப்பாவும் அதே மாதிரி குளித்து, அதே மாதிரி புது வேட்டியில், தன் தம்பிக்காகக் காத்திருந்தார். ராத்திரிச் சாப்பாட்டு வேளைக்கு ரெண்டு பேரும் "திமிரப் பாரு" என்று திட்டிவிட்டு எழுந்து போவார்கள்.

இந்த வருஷம் செப்டம்பரில் சிஞ்சனா ஒரு சேதி கொண்டுவந்தாள். "மாமா, மில்லு மாமா புனேக்குப் போறாராம். அங்க அவரோட பெரிய பையன் இருக்காராம். மில்லை வேற ஒருத்தர் பாத்துக்குவாராம். லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறக்கும்போது போயிடுவாராம்."

"திரும்பி எப்ப வருவாராம்?" கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டார்.

"வர மாட்டாராம். வெல்லம் யாரு குடுப்பான்னு கேட்டேன். அழுதுட்டாரு."

அன்று மத்தியானம் நீலவ்வா ரொட்டி தட்டிக்கொண்டே, அவரைப் பார்க்காமலே சொன்னாள்: "இந்தத் தசரா போச்சுன்னா, அப்புறம் வன்னி குடுக்க ரயில்ல டிக்கெட் எடுத்துட்டுத்தான் போகணும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"காஷவ்வா சொன்னா. நாங்க தினமும் போன்ல பேசுறோம். எங்களுக்கு என்ன தலைப்பாகையா கிழிஞ்சுது?" காஷவ்வா முருகெப்பாவின் மனைவி.

மடிவாளப்பா ரொட்டியைப் பிய்த்தார். போய்விட வேண்டும் என்று கால் சொன்னது. போனால் தான்தான் சின்னவன் என்று ஊர் முன்னால் ஒத்துக்கொண்டதாகும் என்று தலை சொன்னது. அவர் தலை எப்போதும் கொஞ்சம் கனம்.

தசரா விடுமுறைக்கு முந்தின நாள் பள்ளி அரை நாள்தான். பிள்ளைகள் ஆளுக்கொரு வன்னிக் கொத்தோடு பள்ளியிலிருந்து வந்து ஏறினார்கள். டீச்சர் கொடுத்தாளாம்.

"இது இலை. டீச்சர் தங்கம்னு சொல்றாங்க," என்றான் ஜுனைத்.

"எங்க அம்மாகிட்ட நிஜத் தங்கம் இருக்கு. பீரோவுல பூட்டி வெச்சிருக்கா. யாருக்கும் குடுக்க மாட்டா," என்றான் சமர்த்.

ஜுனைத் கொஞ்சம் யோசித்தான். "குடுக்கவே முடியாதுன்னா அது எதுக்கு? இதுதான் நல்ல தங்கம்."

மடிவாளப்பா கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். சிஞ்சனா முன்னால் சாய்ந்து அவர் தோளைச் சுரண்டினாள். "நீங்க யாருக்கு மாமா குடுப்பீங்க?"

"எனக்குத் தம்பிதான் வந்து குடுக்கணும். அதுதான் வழக்கம்."

"மில்லு மாமாவும் இதையேதான் சொன்னாரு." அவள் விரலை மடக்க ஆரம்பித்தாள். "எங்க வீட்டுல ஒரு அண்ணன், ஒரு நான். ஜுனைத் வீட்டுல ஒரு அக்கா, ஒரு ஜுனைத். உங்க வீட்டுல நீங்க அண்ணன். அவரும் அண்ணன்." ரெண்டு விரலையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப தம்பி எங்க?"

மடிவாளப்பா ஹாரன் அடித்தார். முன்னால் ஒன்றுமே இல்லை.

"தொலைஞ்சு போயிட்டாரா?"

"நீங்க தேடலையா?" என்றான் ஜுனைத்.

"போலீஸ்கிட்ட சொன்னீங்களா?" என்றான் சமர்த்.

"இத்தனை நாளாவா தேடல?" சிஞ்சனாவின் குரல் உடைந்தது. "பாவம் மாமா அவரு. எங்கேயாவது உக்காந்து அழுதுட்டு இருப்பாரு."

அன்று மத்தியானம் நீலவ்வா கேட்டதற்கு, "ஒண்ணும் சொல்லலை" என்றுவிட்டார். பத்து வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. நீலவ்வா ஒரு ரொட்டியை அதிகமாகப் போட்டுவிட்டு நகர்ந்தாள்.

விடுமுறை முழுக்க அந்தக் கேள்வி அவரை விடவில்லை. போலீஸ் என்றதும் வேறு ஒன்றும் ஞாபகம் வந்துவிட்டது. ஆறு வயசில் மடத்துத் தேர்த் திருவிழாவில் முருகெப்பா தொலைந்துபோனான். மடிவாளப்பா தேடிக்கொண்டு ஓட, ஒரு போலீஸ்காரர் இவனைப் பிடித்து, "பிள்ளை கிடைச்சாச்சு" என்று கொண்டுபோய் அம்மாவிடம் ஒப்படைத்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயா, இது தொலையாதது. தொலைஞ்சதைக் கொண்டாங்க." போலீஸ்காரருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. கடைசியில் பொம்மைக் கடைக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தது மடிவாளப்பாதான். அப்போது யார் அண்ணன், யார் தம்பி என்று ரெண்டு பேருக்குமே தோன்றவில்லை.

தசரா சாயங்காலம் குளித்தார். வேட்டி கட்டினார். தட்டில் வன்னியோடு வாசலில் உட்கார்ந்தார். தெருவே கலகலவென்று இருந்தது. கால் மணி நேரம்கூட உட்கார முடியவில்லை.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் நீலவ்வா.

"தம்பியைத் தேடிட்டு வர்றேன்."

ஆட்டோவை எடுத்தால் ஊருக்கே தெரிந்துவிடும். பின்சந்து வழியாக நடந்தார். நடக்க நடக்க நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. தம்பி தொலைந்துவிட்டான். இருப்பது ரெண்டே ரெண்டு பேர். அதில் ஒருவன்தானே அவனாக இருக்க முடியும்? நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன், இப்போது என்ன குடிமுழுகிவிட்டது?

முருகெப்பா வீட்டில் சாக்கும் பெட்டியுமாகக் கட்டிப் போட்டிருந்தது. காஷவ்வா வெளியே வந்து, இவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். ஒரே வயசுக்காரி என்று இவர் எப்போதும் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். அன்று வாய் குழறியது. ஆனாலும் சொல்லிவிட்டார்.

"அண்ணன் இருக்காரா, அண்ணி?"

காஷவ்வா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர் கொட்டியது. "உங்க வீட்டுக்குத்தான் போயிருக்காரு. பெரிய ரோடு வழியா. நீலவ்வாவை அண்ணின்னு கூப்பிடணுமேன்னு காலையிலயிருந்து சொல்லிச் சொல்லிப் பழகிட்டுப் போறாரு."

"அவனா?"

"அந்தப் பொண்ணு வந்து, தம்பி தொலைஞ்சுட்டாராமே, நீங்களும் தேடலையான்னு கேட்டுட்டுப் போச்சு. அன்னையிலயிருந்து மனுஷன் மில்லுல மாவு எது, தவிடு எதுன்னு தெரியாம உக்காந்திருக்காரு."

மடிவாளப்பா திரும்பி ஓடப் பார்த்தார். காஷவ்வா கையை நீட்டி மறித்தாள். "அசையாம உக்காருங்க. நீங்க இந்த வழியா, அவரு அந்த வழியா, ரெண்டு பேரும் விடிய விடிய மாறி மாறி நடப்பீங்க." போனை எடுத்து நீலவ்வாவிடம், "அனுப்பி வை, இங்க ஒண்ணு உக்காந்திருக்கு" என்றாள்.

உட்கார்ந்தார். எதிரே திறந்திருந்த பெட்டியில் துணிகளுக்கு மேலே, நாலாக மடித்த ஒரு காவித் துணி. அதன் ஒரு ஓரம் கிழிசல். மற்ற பாதி அவர் ஆட்டோவில், சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஆறு வருஷத்தில் கண்ணாடி துடைக்கத் துணி இல்லாமல் எத்தனையோ தடவை சட்டையால் துடைத்திருக்கிறார். அதை மட்டும் எடுக்க மனசு வந்ததில்லை.

முருகெப்பா மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றார். மாவு இல்லாமல், எண்ணெய் தடவி வாரி, மடிவாளப்பாவின் முகத்தையே போட்டுக்கொண்டு நின்றார். ரெண்டு பேரும் ஒரே சமயத்தில் காலைத் தொடக் குனிந்தார்கள். தலையும் தலையும் மோதி நல்ல சத்தம் கேட்டது.

"நீ எதுக்குடா குனியுற? நான்தான் தம்பி," என்றார் முருகெப்பா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு.

"உன்கிட்ட யாரு சொன்னது? உன் பொண்டாட்டியை அண்ணின்னு கூப்பிட்டாச்சு. இனி மாத்த முடியாது."

"நானும்தான் உன் பொண்டாட்டியைக் கூப்பிட்டுட்டேன்."

"மறுபடியும் ஆரம்பிச்சாச்சா?" என்று காஷவ்வா உள்ளேயிருந்து கேட்டாள். "போளி ஆறுது."

ரெண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள், ஒரே தட்டில் ஏழு போளி தின்றார்கள். அதற்கு மேல் அங்கே நடந்ததைச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆறு வருஷப் பேச்சு பாக்கி இருந்தது, பேசினார்கள்.

பள்ளி திறந்த நாள் காலை. காஷவ்வா முந்தின நாளே, கூட்டிப்போக வந்த மகனோடு சாமானை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். முருகெப்பாவுக்கு ஒன்பதரைக்கு ரயில். "பிள்ளைங்களை விட்டுட்டு அப்படியே உன்னை ஸ்டேஷன்ல விடுறேன்" என்று மடிவாளப்பா அவரைத் தன் சீட்டிலேயே பக்கத்தில் இடித்து உட்காரவைத்திருந்தார். ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகள் ஏறினார்கள். ஏறின பிள்ளை எதுவும் பேசவில்லை. ஆட்டோ அத்தனை அமைதியாக ஓடியது அன்றுதான்.

ஜுனைத்தான் முதலில் வாயைத் திறந்தான். "மாவு எங்க போச்சு?"

"குளிச்சுட்டேன் தம்பி," என்றார் முருகெப்பா.

சிஞ்சனா ரெண்டு முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள். "தம்பி கிடைச்சுட்டாரா?"

"கிடைச்சுட்டான்," என்றார்கள் ரெண்டு பேரும்.

"யாரு?"

"நான்தான்," என்றார்கள் ரெண்டு பேரும்.

சிஞ்சனா ரெண்டு விரலை நீட்டினாள், மடக்கினாள், பெருமூச்சு விட்டாள். "அப்ப இப்ப அண்ணன் தொலைஞ்சுட்டாரு."

முருகெப்பா சிரித்த சிரிப்பில் ஆட்டோ ஆடியது. மடிவாளப்பாவும் சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. இன்னும் ஒரு மணி நேரத்தில் பக்கத்து இடம் காலி. கிடைத்து முழுசாக ரெண்டு வாரம் ஆகவில்லை. தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடி வழியாகப் பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா அழுறாரு," என்றான் சமர்த்.

சிஞ்சனா முன்னால் சாய்ந்து மடிவாளப்பாவின் தோளில் கை வைத்தாள். "அழாதீங்க மாமா. அவரு அவரோட மூஞ்சியை உங்ககிட்ட விட்டுட்டுத்தான போறாரு."

பள்ளி வந்ததும் பிள்ளைகள் குதித்து இறங்கி ஓடினார்கள். சிஞ்சனா மட்டும் திரும்பி வந்து, கையில் கொஞ்ச நேரமாக இறுக்கிப் பிடித்திருந்த ஒரு வெல்லத் துண்டை முருகெப்பாவிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். அது பாதி கரைந்திருந்தது.

ரயில் சரியான நேரத்துக்குப் போய்விட்டது. மடிவாளப்பா காலி ஆட்டோவில் வந்து உட்கார்ந்தார். சீட்டுக்கு அடியிலிருந்து கிழிந்த தலைப்பாகையை எடுத்தார். கண்ணாடியை அதனால் நன்றாகத் துடைத்தார். பிறகு, பின்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்ணாடியை மெல்ல முகத்துக்கு நேராகத் திருப்பினார்.

"சாப்பிட்டியாடா?" என்று கேட்டார்.

சாயங்காலம் பிள்ளைகள் ஏறும் வரைக்கும் அதை அவர் திருப்பி வைக்கவில்லை.